கரவானில் ஊர்ச் சாமான்

ஓகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கரவானை நிறுத்துவதற்கு ஒன்றில் அசாத்தியத் துணிச்சல் வேண்டும், அல்லது அதை நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற ஆசை வேண்டும். அரியநாயகத்துக்கு இருந்தது ஆசை.

பியர்ஃபித்தில் உள்ள வீட்டிலிருந்து நேரே நோர்மண்டிக் கடற்கரைக்குப் போயிருக்கவேண்டியவர் அவர். "கருவேப்பிலை வாங்கவேணும்" என்று சொல்லிக் காரை லா சப்பலுக்குத் திருப்பினார். புதிய மின்சாரக் கார், அதன் பின்னால் சக்கரத்தில் ஓடும் சின்ன வீடு மாதிரிப் பழைய கரவான். ஸ்ரீஸ்கந்தராசாவின் பலசரக்குக் கடை வாசலில் இரண்டும் வந்து நின்றபோது தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அரியநாயகம் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தார்.

"அடேய் அரியம்! இதென்ன, வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்று கேட்டபடி வெளியே வந்தார் ஸ்ரீஸ்கந்தராசா. கடை முதலாளி மட்டுமல்ல, ஊர்ச் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

"கரண்டுக் கார் அண்ணை. இழுக்கிறதே தெரியாது. ஒருக்காச் சார்ச் போட்டால் நானூற்றைம்பது கிலோமீற்றர்."

அந்தக் கணக்கு கரவான் இல்லாமல் ஓடும்போது என்பதை அவர் சொல்லவில்லை. அதைப் பற்றி அவரும் யோசித்ததில்லை.

"எந்தப் பக்கம் பயணம்?"

"நோர்மண்டி."

அந்த ஒரு சொல்லை லா சப்பலில் அவ்வளவு உரத்துச் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப ருவானைத் தாண்டித்தானே போறாய்! என்ரை மருமோன் கலைமாறன் அங்கைதான். நாலு மூட்டை அரிசி இருக்கு. ஒரு ஓரத்திலை வைச்சால் உனக்குத் தெரியவே தெரியாது."

காருக்குள் இருந்த தங்கேஸ்வரி கணவரின் கையைக் கிள்ளினாள். அரியநாயகம் கையை மெல்ல இழுத்துக்கொண்டு, "ஓம் அண்ணை, அதுக்கென்ன" என்றார்.

அவ்வளவுதான். பக்கத்துச் சேலைக்கடைப் பூரணி அக்கா, கான் நகரில் இருக்கும் மகளுக்கு ஒரு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருவர் தேங்காய்ப்பால் பெட்டிகள் கொண்டுவந்தார். இன்னொருவர் கான் நகரத்து விளையாட்டுப் போட்டிக்கென்று இருபது பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். யாராவது எங்கேயாவது போகிறார் என்றால் கையோடு ஒரு பொதி கொடுத்து அனுப்பாவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. வாங்கிக்கொள்ள மறுத்தால் போகிறவருக்குத் தூக்கம் வராது. அரியநாயகம் இந்த இரண்டாவது வகையில் முதல் ஆள்.

"இஞ்சாருங்கோ, எட்டு மணி ஞாபகம் இருக்கோ?" என்றாள் தங்கேஸ்வரி பல்லைக் கடித்தபடி.

கடற்கரையில் கரவான் நிறுத்த இடம் தந்த விடுமுறை முகாம்காரர்கள் எழுத்திலேயே அறிவித்திருந்தார்கள். மாலை எட்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். விடுமுறை உச்சத்தில் வேறு இடம் கிடைக்காது. தங்கேஸ்வரி ஒன்பது வருடமாகக் கடற்கரைக்குப் போகக் கேட்கிறாள். காலை ஐந்து மணிக்கு அலுவலகங்கள் துடைக்கப் போகிறவள் அவள். அரியநாயகம் ஓர் உணவகத்தில் சமையல். இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை கிடைப்பதே அதிசயம். அப்படிக் கிடைத்த வருடங்களிலும் யாரோ ஒருவரின் வீடு மாற்றம், யாரோ ஒருவரின் மண்டப அலங்காரம், எல்லாவற்றுக்கும் அரியநாயகம் "ஓம்" சொல்லியிருப்பார். கடல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

கடைசிப் பெட்டி ஏறியபோது மணி ஒன்றரை.

நெடுஞ்சாலையில் முதல் அரைமணி நேரம் அரியநாயகம் பாட்டுப் போட்டார். அடுத்த அரைமணி நேரம் பாட்டை நிறுத்திவிட்டுத் திரையில் குறையும் சார்ச் வீதத்தைப் பார்த்தார். தொண்ணூறு, எழுபத்தைந்து, அறுபது. ஏற்றம் வரும்போதெல்லாம் அது படியிறங்குவதுபோல் இறங்கியது.

"பாப்பா, இல் ரெஸ்த் கராந்த் புர்சான்," என்றாள் பின்னால் இருந்த மகள் விதுர்ஷா. நாற்பது வீதம்தான் மிச்சம்.

"தெரியும் பிள்ளை. எதிர்க்காத்து."

அந்த நேரம் ஒரு பெரிய லொறி அவர்களை முந்திக்கொண்டு போனது. கரவான் முதலில் வலப்பக்கம் ஆடியது, பிறகு இடப்பக்கம், பிறகு காரின் பின்பகுதியையும் சேர்த்து ஆட்டியது. விதுர்ஷா கத்தினாள். தங்கேஸ்வரி கதவுக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். அரியநாயகம் வேகத்தைக் குறைக்க, கொஞ்சத் தூரத்தில் ஆட்டம் அடங்கியது. அவருடைய நெற்றியில் வியர்வை.

"இதுவும் காத்தோ?" என்றாள் தங்கேஸ்வரி.

அவர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார்.

ருவானுக்குச் சற்று முன்னால் ஓர் ஓய்விடத்தில் மின்னேற்றும் நிலையம் இருந்தது. ஆறு கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்துக்கு முன்னாலும் ஒரு கார் முகத்தை நுழைத்து நிற்கும் அளவுக்கே இடம். கரவானைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். விற்றவர் கழற்றும் விதத்தை இரண்டு நிமிடத்தில் காட்டியிருந்தார். அந்த இரண்டு நிமிடமும் அரியநாயகம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எனவே அவர் காரைக் குறுக்காக நிறுத்தி, கம்பியை எட்டிப் பிடித்துச் செருகினார். காரும் கரவானும் சேர்ந்து மூன்று கம்பங்களை அடைத்துக்கொண்டு நின்றன.

பின்னால் ஹோர்ன் அடித்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மனிதர் இறங்கிவந்து பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி, கையில் தண்ணீர்ப் போத்தலோடு.

"இவர் என்ன, தன்ரை அப்பன் வீட்டுக் கரண்ட் மாதிரிக் குதிக்கிறார்?" என்று அரியநாயகம் மனைவியிடம் முணுமுணுத்தார்.

தொப்பிக்காரர் நின்றார். "எங்கப்பன் வீட்டுக் கரண்ட் இல்ல மிசியே. ஆனா உங்கப்பன் வீட்டு இடமும் இல்லியே இது!"

அரியநாயகத்தின் முகம் வெந்த பீட்ரூட்போல ஆனது. தங்கேஸ்வரி நாள் முழுவதும் சிரிக்காத சிரிப்பைச் சேர்த்துச் சிரித்தாள்.

அவர் பெயர் பெர்னார். பாரிஸ் புறநகரான பொண்டியில் வசிக்கும் பாண்டிச்சேரிக்காரர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜெனவியேவ். அவர்களும் மின்சாரக் காரில்தான் கரவான் இழுக்கிறார்கள். ஆனால் கரவானை லொறிகள் நிற்கும் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, காரை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

"கழட்டத் தெரியலன்னா கேக்கறதுக்கு என்ன? வாங்க, நான் காட்றேன்," என்றார் பெர்னார். பிறகு குனிந்து கொக்கியைப் பார்த்தார். காரின் பின்பக்கம் தரையை நோக்கிச் சரிந்திருந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. "மொன் தியே! உள்ள என்னத்த வச்சிருக்கீங்க?"

"கொஞ்சம் சாமான்."

பெர்னார் தன் காரிலிருந்து குழாய்போல ஒரு சிறிய தராசை எடுத்துவந்தார். கரவானின் மூக்கைக் காரிலிருந்து கழற்றி அதன் மேல் இறக்கினார். முள் கடைசிவரை போய் அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றது.

"எழுபத்தஞ்சு கிலோதான் கொக்கி மேல விழலாம், இங்க பாருங்க, தகட்டுல அடிச்சிருக்கான். இது நூத்தி இருவது காட்டுது, அதுக்கு மேல தராசுல கோடு இல்ல."

"அதுதான் சார்ச் கெதியா இறங்கினதோ?"

"அது வேற. எந்தக் கரவானை மாட்டினாலும் ஓடற தூரம் பாதியாயிடும். காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணுமே. அதுக்கு ஒரு தடவ நின்னு சார்ஜ் போட்டாப் போதும், பயமில்ல. பாரம்தான் பயம். வழியில ஆடுச்சா?"

அரியநாயகம் வாயைத் திறக்குமுன் விதுர்ஷா சொன்னாள்: "ஓம். நல்லா ஆடினது."

பெர்னாரின் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "இன்னொரு தடவ ஆடுனா நிக்காது. நீங்க மட்டுமில்ல, பக்கத்துல வர்றவனும் சேந்து போவான். இத இறக்காம நீங்க கிளம்பக் கூடாது."

கரவான் கதவைத் திறந்தார்கள். விதுர்ஷா ஒவ்வொன்றின் எடையையும் தொலைபேசியில் கூட்டிக்கொண்டே வந்தாள். அரிசி, கிரைண்டர், தேங்காய்ப்பால், கதிரை. இருநூற்று முப்பது கிலோ. அவர்களுடைய சொந்தச் சாமான் இரண்டு பைகள்.

மணி நான்கு இருபது. அரியநாயகம் மூட்டைகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மீண்டும் மூட்டைகளைப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் அரிசி. அவருக்கு என்ன பதில் சொல்வது? அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. தன் வாழ்நாளிலேயே மிக மோசமான யோசனை.

"தங்கேசு, ஒண்டு செய்வம். நீரும் பிள்ளையும் ருவானிலை ரெயின் எடுத்துக் கடலுக்குப் போங்கோ. நான் நாளைக்கு மெல்ல மெல்ல ஊர் றோட்டாலை சாமானையும் கொண்டு..."

ஜெனவியேவ் கையில் இருந்த போத்தலை மூடினாள். "பெர்னார், நீங்க கொஞ்சம் தள்ளி வாங்க," என்று கணவரை இழுத்தாள்.

தங்கேஸ்வரி கத்தவில்லை. அவள் ஓர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"அரிசிக்குக் கரவான். எங்களுக்கு ரெயின். அப்பிடித்தானே?"

"அப்பிடியில்லை தங்கேசு, அண்ணை என்ன நினைப்பார்..."

"அண்ணை என்ன நினைப்பார், அக்கா என்ன நினைப்பா, சங்கம் என்ன நினைக்கும். ஒன்பது வருசமா நான் என்ன நினைக்கிறன் எண்டு ஒருக்காக் கேட்டனீங்களோ? ஊருக்கு நீங்கள் சொல்லுற ஒவ்வொரு 'ஓம்'உம் வீட்டிலை எனக்கு விழுற 'இல்லை' எண்டு உங்களுக்கு விளங்கேல்லையோ? இண்டைக்கு அந்த ஓமாலை பிள்ளையும் போயிருப்பாள்."

அரியநாயகம் அவள் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி கலைமாறன்? நான் அரியநாயகம் கதைக்கிறன். மாமா உமக்கு அரிசி தந்துவிட்டவர். நான் ருவானுக்குக் கிட்ட நிக்கிறன். இதுக்கு மேலை கொண்டுவர ஏலாது தம்பி. வந்து எடுக்கிறீரோ?"

காருக்கு மின்னேறி முடியுமுன் கலைமாறன் ஒரு சின்ன வானில் வந்து இறங்கினான். மூட்டைகளைப் பார்த்ததும் தலையில் கையை வைத்தான்.

"ஐயோ அண்ணை, திரும்பவும் அரிசியோ? என்ரை வீட்டுக்குக் கீழையே தமிழ்க்கடை இருக்கு. போன முறை அனுப்பின மூட்டையளைக் கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறன். மனுசி கட்டில் உயர்ந்துபோச்சு எண்டு பேசுறாள்!"

"அப்ப வேண்டாமெண்டு மாமாவுக்குச் சொல்லலாமே தம்பி?"

"எப்பிடி அண்ணை சொல்லுறது? மாமா என்ன நினைப்பார்!"

தங்கேஸ்வரி முதலில் சிரித்தாள். பிறகு விதுர்ஷா. பிறகு எதற்கென்று சரியாகத் தெரியாமலே பெர்னாரும் ஜெனவியேவும். கடைசியாக அரியநாயகமும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. கலைமாறன் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போட்டிக்குக் கான் நகரத்துக்குப் போகிறவன்தான். கதிரையும் கிரைண்டரும் மற்றப் பெட்டிகளும் அவனுடைய வானில் ஏறின. பெர்னார் மறுபடியும் தராசை வைத்தார். முள் அறுபத்தெட்டில் நின்றது.

"வுவாலா! இப்பப் போங்க. எண்பதுல போங்க, எவன் ஹோர்ன் அடிச்சாலும் கண்டுக்காதீங்க."

"அண்ணை, மூண்டு இடத்தையும் அடைச்சதுக்கு மன்னியுங்கோ," என்றார் அரியநாயகம்.

"நான் மட்டும் என்ன, முதல் வருஷம் நாலு இடத்த அடைச்சவன்," என்றார் பெர்னார்.

முகாமின் வாசலில் அவர்கள் பெயர் கொடுத்தபோது மணி ஏழு நாற்பது. உள்ளே நுழைந்து அரைமணி நேரம் ஆவதற்குள் தங்கேஸ்வரி கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். அலை வரும்போதெல்லாம் மகளின் தோளைப் பிடித்துக் குழந்தைபோலக் கூவினாள்.

அரியநாயகத்தின் தொலைபேசி அடித்தது. ஸ்ரீஸ்கந்தராசா.

"அரியம், கலைமாறன் அரிசி எடுத்திட்டானாம், நல்லது. இஞ்சை பார், அந்தக் கரையிலை நண்டு நல்ல மலிவாம். வரேக்கை கரவான் வெறுமையாத்தானே வரும்? சங்கத்து விருந்துக்கு ஒரு நாலு பெட்டி..."

அரியநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணை, ஏலாது."

மறுமுனையில் ஸ்ரீஸ்கந்தராசா யாருக்கோ மிச்சக் காசு எண்ணும் சத்தம் ஒரு கணம் கேட்டது. அரியநாயகத்துக்கு அந்தக் கணம் லொறி முந்திய கணத்தைவிட நீளமாக இருந்தது.

"ஏலாட்டி விடு தம்பி. சும்மா கேட்டுப் பாத்தனான். சந்தோசமா நிண்டிட்டு வா," என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவ்வளவுதானா! அரியநாயகம் தொலைபேசியையே பார்த்தார். இந்தச் சாதாரணச் சொல்லுக்காகவா இத்தனை வருடம் பயந்தார்? கரையில் ஈரக் காலோடு வந்து நின்ற தங்கேஸ்வரியிடம் சொன்னார்:

"தங்கேசு, கேக்கிறவை சும்மாதான் கேக்கினம். நாங்கள்தான் மரியாதை எண்டு நினைச்சுச் சுமக்கிறம். ஏலாததை ஏலாது எண்டு சொல்லுறதிலை ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. அதைச் சொல்லப் பயந்து, எங்கடை வீட்டாரையும் றோட்டிலை போற மற்றவையையும் ஆபத்துக்குள்ளை இழுக்கிறதுதான் குறைவு."

"இதை விளங்க உங்களுக்கு ஒன்பது வருசம்," என்றாள் தங்கேஸ்வரி. "சரி, சப்பாத்தைக் கழட்டுங்கோ. தண்ணி குளிருது, ஆனால் இறங்கத்தான் வேணும்."

"ஓம்," என்றார் அரியநாயகம்.