ஆக்‌ஷனுக்குப் பின் ஒரு விரல்

தொடரில் மாமியார் கோமாவில் கிடந்தாள். ஒத்திகை முடிந்தும் கண்மூடிக் கிடந்த நடிகை தூங்கிவிட்டாள் என்று நினைத்து, இயக்குநர் கட்டிலருகிலேயே கதாசிரியரிடம் பேசினார்.

"சும்மா படுத்திருக்கறதுக்கு எதுக்குய்யா சம்பளம்? இந்த ஷாட்லயே மாமியார் கதையை முடிச்சிரு."

தூங்காமல் கிடந்தவளுக்கு எல்லாம் கேட்டது. நடிப்பைத் தவிர வேறு தொழில் தெரியாது. கண்ணீர் கசிந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆக்‌ஷன்!"

மருமகளாக நடிக்கும் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கையைப் படுத்திருந்தவள் ஒரு விரலால் மெல்லச் சுரண்டினாள். அழுகை சட்டென்று நின்றது. காட்டிக்கொடுத்துவிடுவாளோ?

"அத்தை கை அசையுது! டாக்டர், ஓடி வாங்க!" என்று வீறிட்டாள் மருமகள்.

'கட்' என்ற சத்தத்துக்காக நடிகை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"நிறுத்தாத," என்று கேமராமேனிடம் கிசுகிசுத்தார் இயக்குநர். "விரலுக்குப் போ."