நாலாவது எண்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் எனக்கு ஜலதோஷம் பிடிக்கும். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். என் வீட்டில், என் நாற்காலியில், என் காதோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் இருப்பவர் ராக் பாடகர். தெருவில் அவருக்கு அலறல் என்று பெயர். (யார் வைத்த பெயர் என்பது கதைக்குத் தேவையில்லை. சரி, நான்தான்.) தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு அலறல் போய் வெறும் கரகரப்பு மிச்சம். இனிப் புதிதாகப் பாட மாட்டார் என்று உறுதியானதும் கம்பெனிக்குப் பாசம் பொங்கிவிட்டது. தனித்தனியாக வந்து பேர் வாங்கிய பதினாலு பாட்டுகளை ஒரே ஆல்பத்தில் குடிவைக்கிறார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பதினாலு பாடல்களுக்கு நடுவே ஒரு குரல் மட்டும்—"

கவிதை மாதிரி இழுக்கிறது. விட்டுவிட்டேன்.

அடுத்து: "தொகுப்பு என்பது கலைஞன் உயிரோடிருக்கும்போதே அவனுக்கு—"

வேண்டாம். மனுஷர் இன்னும் காலையில் நடைபயிற்சி போகிறார்.

நடந்ததையே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியின் சவுண்டு இன்ஜினியர் வந்திருந்தார்.

"சார், முதல் பாட்டு நேரா கிட்டார்லதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"இருந்துச்சு. என் தம்பி எண்ணுவான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அண்ணே! அப்புறம்தான் நான் எடுப்பேன்."

"நாலு எங்க சார்?"

"அண்ணேதான்யா நாலு. நான் எப்பவும் லேட்டா எடுப்பேன்னு கூப்பிட்டு விடுவான்."

"பாட்டு வெளிவந்தப்பவே பேச்சு எதுக்குன்னு அத வெட்டிட்டாங்க சார். ஒரிஜினல் டேப்பும் தண்ணி புகுந்து போயிடுச்சு. வேணும்னா வேற யாரையாவது எண்ண வெச்சு ஒட்டிடலாம்."

"செத்தவனுக்கு டப்பிங்கா?"

டம்ளரை ணங்கென்று வைக்கும் சத்தம். பிறகு அவரே:

"வெட்டுறதுக்கு முன்னாடி, கேட்டுப் பாக்கன்னு குடுத்த 'மாதிரி' சி.டி. ஒண்ணே ஒண்ணு வீட்ல இருந்துச்சு. தொலைஞ்சு போச்சு."

"தேடிப் பாருங்க சார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். அதுக்கு மேல தாங்காது."

3

தம்பியைப் பற்றி. அவர் டிரம்ஸ் வாசித்தார். பதினாலு பாட்டிலும் அவர் கை இருக்கிறது; குரல் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சி.டி. காணாமல் போன வாரம், வேறொரு குழு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போய் அவனுங்களுக்குப் போட்டுக் காட்டினியா?"

"நான் தொடவே இல்ல அண்ணே."

"அண்ணேன்னு கூப்பிடாத."

(அதுவும் சுவர் வழியாகத்தான்.)

மறுநாள் டிரம்ஸ் வேனில் ஏறியது. மூன்று வருஷம் கழித்து ஏதோ ஓர் ஊரில், இன்னொரு வேன், விபத்து. நடுவில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

4

கதைக்கு ஒரு திருடன் வேண்டும். தம்பியை வைத்துப் பார்த்தேன், பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. பாடகரின் மனைவியை வைத்துப் பார்த்தேன். நான் அக்கா என்று கூப்பிடுபவர். ஈயைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டு விரட்டுவார். கடைசியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரியைப் போட்டேன். வெளிவராத பாட்டை நாத்தனாருக்குப் போட்டுக் காட்டிப் பீற்றிக்கொள்ள, "அவருக்குத் தெரியாம குடுக்கறேன், நாளைக்கே குடுத்துடு" என்ற அக்காவிடம் சி.டி.யை வாங்கிப்போகிறாள். கேட்டபோது, "அன்னைக்கே குடுத்துட்டேனே அக்கா" என்கிறாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். இரண்டு மாதம் கழித்துப் போர்வை அடுக்குக்கு அடியில் அது கிடைக்கிறது. அதற்குள் டிரம்ஸ் போய்விட்டது.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். பதினொரு வருஷம் ஒருத்தி இப்படி வாய் திறக்காமல் இருப்பாளா, அதுவும் ஊர்க்கதை அத்தனையும் பேசுகிறவள்?

இருப்பாள். போர்வைகளைக்கூட மாற்றவில்லை நான்.

5

நேற்று அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தார்.

"ஏண்டி, அந்த சி.டி.ய என் கையிலதானே குடுத்தே?"

"ஆமாக்கா."

"அப்ப நான்தான் எங்கயோ வெச்சுத் தொலைச்சிருக்கேன். அவர் தம்பிய அந்தப் பேச்சு பேசினப்ப, வாய மூடிக்கிட்டு நின்னேன்டி. இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

இந்த இடத்தை நாலு முறை அடித்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் நான் "ஆமாக்கா" என்றுதான் சொல்கிறேன்.

6

முடிவு, முதல் வகை: சி.டி.யை எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் தம்பியைக் கேட்கிறார். பிறகு, "இது எப்படி உன்கிட்ட?" என்கிறார். அக்கா என்னைப் பார்க்கிறார். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

இரண்டாம் வகை: கவரில் போட்டு, பேர் எழுதாமல், அவர்கள் கதவிடுக்கில் தள்ளிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் தம்பியின் சாமான்களிலிருந்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். செத்தவர் இரண்டாம் தடவை திருடனாகிவிடுவார்.

மூன்றாம் வகை: பாட்டு கிட்டாரில் ஆரம்பிக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. உங்களைத் தவிர.*

* உங்களிடம் ஏன் சொன்னேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

7

இன்று வெள்ளி. மணி மூன்று ஐம்பது. சி.டி. இந்தத் தாளின் பக்கத்தில் இருக்கிறது. மேலே மார்க்கரில் 'மாதிரி' என்று தம்பியின் கையெழுத்து. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செருப்பைப் போட்டது முடிவாகாது என்று எனக்கும் தெரியும்.

வேறு ஆள் வேண்டாமென்று அவரே எண்ணிப் பார்க்கிறார் போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் கரகரப்பு, மூன்று வரை வந்து நிற்கிறது. நாலாவதை அவர் எப்படிச் சொல்ல முடியும்? அவருக்கு அண்ணன் யாரும் இல்லை.

மறுபடி தொடங்குகிறார். கேளுங்கள், உங்களுக்கும் இப்போது இதே சுவர்தான்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.