பட்டையில் இருந்த கீறல்

காது மிஷினைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள் வெர்னா. என் கணவரின் அக்கா. மழை பட்டால் அந்த மிஷின் கெட்டுவிடும். எங்கள் தீவுக் காட்டிலோ மழை நின்றாலும் மரம் நிற்காது, சொட்டிக்கொண்டே இருக்கும்.

"இனி நீ கத்தினாலும் எனக்குக் கேக்காது. பின்னாடி நின்னு பாத்துக்க, டெல்ஃபின். கட்டையப் பாத்து அலறாதே!"

போன வருடம் பாசி மூடிய ஓர் அடிமரத்தைக் கரடி என்று நினைத்து நான் போட்ட கூச்சலை, எங்கள் ஊரான பெல்லா பெல்லா முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் இவள்தான். அன்றிலிருந்து கடையில் சில்லறை கொடுக்கிறவன்கூட என்னைப் பார்த்து உறுமுகிறான். எனக்கு ரோஷம் அதிகம். இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று படகிலேயே முடிவு செய்திருந்தேன்.

மே மாதக் கடைசி. பட்டைக்கு அடியில் நீர் ஏறி, கூடை முடையத் தேவதாருப் பட்டை உரிக்க வாகாக இருக்கும் காலம். நேராக வளர்ந்த ஒரு மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து வெர்னா அனுமதி கேட்டாள், நன்றி சொன்னாள். பிறகு அடியில் இரண்டு கையகலம் மட்டும் வெட்டினாள். அதற்கு மேல் எடுத்தால் மரம் பிழைக்காது.

வெட்டிய இடத்துக்கு ஒரு முழம் மேலே ஐந்து மெல்லிய கோடுகள். கசிந்த பிசின் இன்னும் காயவில்லை. வரும் வழியில் சேற்றில் வளரும், கரடிக்குப் பிடித்த நாற்றக் கீரையும் வேரோடு தோண்டிக் கிடந்தது. இரண்டையும் பார்த்தேன். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பட்டையின் அடிநுனியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். நடக்க நடக்க அது மேலே மேலே கிழிந்துகொண்டே போகும். உரிக்கிறவரின் கண் உச்சியிலேயே இருக்கும் என்பதால்தான் பின்னால் ஓர் ஆள் நிற்பது. அந்த ஆள் நான். நானோ பட்டை போகிற அழகைப் பார்க்க முன்னால் வந்து, அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன்.

முப்பதடி உயரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது. முனகியது. கரடிக்குட்டி.

தாய் எங்கே? திரும்பினேன். வெர்னாவின் முதுகுக்குப் பின்னால், பத்தடியில், பெரணிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. மூக்கெல்லாம் சேறு. பற்களை 'டக், டக்' என்று அடித்தது. வெர்னா மேலே பார்த்தபடியே இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

கத்தினால் கரடிக்குத்தான் கேட்கும், அவளுக்குக் கேட்காது. ஓடினால் அவள் தனியாக நிற்பாள். பட்டை எங்கேயாவது சிக்கிக்கொண்டால், துணைக்கு நிற்பவர் அதைப் பிடித்து இரண்டு தடவை உலுக்குவார். எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அந்தப் பக்கம் உரிக்கிறவர் நகர வேண்டும். உலுக்கினேன். இடப்பக்கம் இழுத்தேன்.

"எதுக்குடி இழுக்கிற? நல்லாத்தானே வருது!" காது கேட்காதவளின் குரல் காடு முழுக்க அதிர்ந்தது.

கரடி 'ஊஃப்' என்று ஊதியது.

"நாங்க போயிடறோம் தாயே," என்றேன், எங்கள் ஹெயில்ட்சுக் பழங்குடி ஆட்கள் கரடியிடம் பேசுகிற தணிந்த குரலில். "உன் புள்ள மேலதான் இருக்கு. நாங்க தொடல. வழி விட்டுடறோம்."

இழுத்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்தேன்.

"அறுந்துடும்டி, பைத்தியம்! உன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" வெர்னா திட்டிக்கொண்டே கூடவே வந்தாள். ஐந்து அடி. ஆறு. ஏழாவது அடியில் புதருக்குள் இருந்தோம்.

அவள் நின்றிருந்த இடத்தின் வழியாகவே கரடி நடந்து போனது. அதன் ஈர ரோமத்தின் வாடை மூக்கில் அடித்தது. அப்போதுதான் வெர்னா பார்த்தாள். திட்டு பாதியில் நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவேயில்லை.

மரத்தடியில் தாய் ஒரு தடவை உறுமியது. குட்டி சரசரவென்று சறுக்கி இறங்கியது. இரண்டும் காட்டுக்குள் போய் வெகுநேரம் கழித்துத்தான் நாங்கள் நகர்ந்தோம். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பாசியில் அப்படியே உட்கார்ந்தோம்.

பட்டையின் நுனி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதிலிருந்த ஐந்து கோடுகளையும் விரலால் தடவினாள். பிசின் ஒட்டியது. மழையைப் பொருட்படுத்தாமல் காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வெட்டும்போதே இதைப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"ஏன் சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு."

சிரிப்பாள், இல்லையென்றால் அறைவாள் என்று காத்திருந்தேன்.

"கிறுக்கி," என்றாள். "தைரியசாலிங்க ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க! நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவேன்னுதானேடி உன்னக் கூட்டிட்டு வரேன்? அந்த பயத்த நம்பித்தானே நான் காதைக் கழட்டி வெச்சேன்?"