இனாயத், ஜஹீதாவை நீக்கினார்

1

இந்தக் கதை எனக்குப் பாண்டி பஜாரில் கிடைத்தது. போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொள்ளப் போயிருந்தேன். அறுபதை நெருங்கும் ஒருவர் கவுன்டரில் தன் போனை நீட்டி, "தம்பி, குரூப்லேர்ந்து போன ஆளைத் திரும்பக் கொண்டார்றதுக்கு இன்னா செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வேறு யாருடைய போனையோ பிரித்துப் போட்டிருந்தார். தலை நிமிராமல், "தானா போன ஆளா, நீங்க அனுப்பின ஆளா?" என்றார். பெரியவர் போனை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

கதை எழுதுகிறவளுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தேன். போதவில்லை. நான்கு நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: தியாகராய நகரில் ஜிப், பட்டன், லைனிங் துணி விற்கும் இனாயத்துக்கு அன்று காலையிலிருந்தே மனம் சரியில்லை. வானம் மேகமூட்டமாக

(வேண்டாம். வானத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் போனில்தான் பார்த்திருப்பார்.)

இரண்டாம் தொடக்கம்: 'இனாயத், ஜஹீதாவை நீக்கினார்.'

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இந்த வரி விழுந்தது. நாற்பத்தோரு பேர் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து யாரோ ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டார்கள். அந்த ரோஜாவை நான்கு பேர் பாராட்டினார்கள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஜஹீதா, இனாயத்தின் ஒரே தங்கை. பாலவாக்கத்தில் வீடு. அவள் மகள் மஹ்விஷுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்.

இனாயத் அந்தக் குரூப்பின் அட்மின். அட்மினுக்கு என்ன வேலை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. குடும்பத்தில் மூத்தவர். விருந்தில் முதல் தட்டை அவருக்கு வைப்பதுபோல அந்தப் பதவியையும் அவர் முன்னால் வைத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு பேரை வெளியே தள்ளும் அதிகாரத்தை ஒரு மனிதரின் கட்டைவிரலில் கட்டிவிட்டு, மரியாதை செய்தாயிற்று என்று எல்லோரும் போய்விட்டார்கள். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது சொல்லுங்கள்.

முந்தின வாரம் ஜஹீதா குரூப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "எங்க அண்ணனுக்கு ஜிப்பும் பட்டனும்தான் முக்கியம். மண்டபம் பாக்க வாங்கண்ணேன்னா நேரமில்லையாம்." அதற்குப் பழி வாங்கத்தான் நீக்கினார் என்று நாற்பத்தோரு பேரும் முடிவுகட்டினார்கள். ஜஹீதாவும் அப்படியே நினைத்தாள். புதன்கிழமை கோபாலபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, பத்திரிகையைக் கையில் கொடுத்து அழைப்பதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. அவர் போன் செய்தால் இரண்டாவது மணியிலேயே துண்டித்தாள்.

"தெரியாம வெரல் பட்டுடுச்சு. தடிச்ச வெரலு, என்னா பண்றது" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்கிறார் இனாயத்.

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். கடுகளவு கொக்கிகளைப் பார்க்காமலே எண்ணிப் பொட்டலம் கட்டுகிற விரல் அது. தவறுமா? இதைப் பிறகு சரிசெய்ய வேண்டும்.]

4

அவளை நேரடியாகத் திரும்பச் சேர்க்க முடியவில்லை. தன்னை யாரும் எந்தக் குரூப்பிலும் சேர்க்க முடியாதபடி ஜஹீதா பூட்டிவிட்டாள். அழைப்பு மட்டும் அனுப்பலாம். அவள் தொட்டால் உள்ளே வரலாம். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு இனாயத் அனுப்பினார். மூன்று நாள் தொடாமல் விட்டால் அது செத்துவிடும். அதாவது சனிக்கிழமை ஐந்து மணி.

வியாழனும் வெள்ளியும் கடையில் அவர் செய்தது ஒரே வேலைதான். போனைத் திறப்பார், தங்கையின் பெயரைத் தொடுவார், பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், அது மறைந்தால் விடுவார். ஒரு தையல்காரர் கறுப்பு நூல் கேட்டார், நீலத்தைக் கொடுத்தனுப்பினார்.

பக்கத்து ஜவுளிக்கடை சுயம்புலிங்கம் திருநெல்வேலிக்காரர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன பாய், ரெண்டு நாளா அதையே மொறைச்சுக்கிட்டு இருக்கீரு?"

"ஆன்லைன்லதான் கீறா அண்ணாச்சி. பாக்க மாட்டேங்கிறா."

"உம்ம தங்கச்சி எங்க இருக்கா, அமெரிக்காவுலயா?"

"பாலவாக்கம்."

சுயம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "வண்டியப் பிடிச்சா முக்கா மணி நேரம். போயி மூஞ்சியக் காட்டிட்டு வாரும்."

"அவ இன்னும் தொடலையே. கூப்புடாத ஊட்டுக்கு எப்படிப் போறது?"

5

இங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. எழுதுகிறவள் என்ற உரிமையில் மூன்று முறை அவரை பஸ்ஸில் ஏற்றினேன். முதல் முறை நந்தனத்தில் சிக்னல் போய்விட்டது என்று இறங்கினார். இரண்டாம் முறை சார்ஜ் இல்லை என்று திரும்பினார். மூன்றாம் முறை அடையாறு வரை கொண்டுபோனேன். 'ஆன்லைன்' வந்தது, வீட்டில்தான் இருக்கிறாள், நிம்மதி என்று வீடு திரும்பினார்.

அந்தக் காலத்தில் கதை எழுதினவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடிதம் தொலையும், தந்தி தாமதமாகும், பிரிந்தவர்கள் தவிப்பார்கள். இப்போது யாரையும் யாரும் தவறவிட முடியாது. இருவர் கையிலும் போன் இருக்கிறது, இரண்டிலும் சார்ஜ் இருக்கிறது, இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர் நல்ல ரோடு இருக்கிறது. அப்படியும் ஒருத்தி வர மாட்டாள், ஒருத்தர் போக மாட்டார். இதை நான் எப்படிக் கதையாக்க?

முடிவு அ: சனிக்கிழமை நாலு ஐம்பத்தொன்பதுக்கு ஜஹீதா தொடுகிறாள். (தொட மாட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: ஞாயிறு காலை மஹ்விஷ் மணமேடையிலிருந்து வாசலையே பார்த்தபடி, "மாமூ வரலியா?" என்று

(இதை என்னால் எழுத முடியாது.)

6

ஜஹீதாவின் பிடிவாதம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் பகுதியில் சொன்னது பொய். பாண்டி பஜாரில் நான் யாரையும் பார்க்கவில்லை. இனாயத் என் அத்தா, அதாவது அப்பா. ஜஹீதா என் குப்பி, அத்தை. நான் ஷாகிரா. அந்தக் கட்டைவிரல் என்னுடையது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வந்த அத்தா, "குரூப் படத்துல மஹ்விஷ் பத்திரிகையப் போட்டுக் குடும்மா" என்று போனை என்னிடம் நீட்டினார். போட்டேன். இனி குப்பியே இதையெல்லாம் செய்துகொள்ளட்டும், அத்தாவை நச்சரிக்க வேண்டாம் என்று அவளையும் அட்மின் ஆக்க நினைத்தேன். 'அட்மின் ஆக்கு' என்பதற்கு அடுத்த வரியில் 'நீக்கு' இருக்கிறது. விரல் அதில் பட்டது. பட்டதோடு போகவில்லை, நீக்கவா என்று அது கேட்டது. கேட்டதைப் படிக்காமல் சரி என்று அழுத்தினேன். எது கேட்டாலும் சரி என்று அழுத்தித்தானே பழக்கம்.

இருபது நிமிடம் கழித்து என் போனில் அந்த வரியைப் பார்த்தேன். அத்தா கடைக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தவர், "என் வெரல்தான் பட்டிருக்கும்" என்று தானே சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. நேரில் சொல்லாமல் இருக்கத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

7

இன்று சனிக்கிழமை. நாலேகாலுக்கு அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு. குப்பி ஊட்டுக்கு லொகேஷன் போடு."

இருபத்திரண்டு வருடமாகப் போய்வருகிற வீடு. லொகேஷன் போட்டேன்.

இதை ஆட்டோவில் உட்கார்ந்து டைப் செய்கிறேன். திருவான்மியூர் தாண்டியாயிற்று. போன் வழி சொல்லிக்கொண்டே வருகிறது. "இவளுக்கு ஒண்ணும் தெரியல, நேரா போப்பா" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லி, அத்தா அந்தப் போன் குரலோடு சண்டை போடுகிறார். நடுநடுவே தனக்குள் ஒத்திகை பார்க்கிறார். "ஜஹீதா, என் தப்புதாம்மா. தடிச்ச வெரலு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்புவாளாம்மா?"

நம்ப மாட்டாள். அந்த விரலை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஐந்து மணி ஆகிவிட்டது. அழைப்பு காலாவதி. அத்தா கவனிக்கவில்லை. சந்து முனையில் பந்தல் தெரிகிறது. இதை எழுதி குரூப்பில் போட்டுவிட்டால் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். தெரிய வேண்டிய ஒருத்தி அந்தக் குரூப்பில் இல்லை.

அத்தா இறங்கிப் போய் மணியை அழுத்திவிட்டார். உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது. கதவு திறப்பதற்குள் நான் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நின்று, முதல் வார்த்தையை நான் சொல்ல வேண்டும். டைப் செய்துகொண்டே அதைச் சொல்ல முடியாது. முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பையில் போடுகி