ஒரு போனுக்கு ஒரு சீட்டு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் போன் டாக்டர் என்று பெயர். தண்ணீரில் விழுந்த போன், சக்கரம் ஏறிய போன், குழந்தை கடித்த போன், எதுவானாலும் உயிர் கொடுத்துவிடுவார். கல்லாவில் உட்கார்ந்து ஏச்சு வாங்குவது என் வேலை.

இந்த மாதம் வாங்கிய ஏச்செல்லாம் ஒரே விஷயத்துக்கு. "ஸ்கிரீன் மாத்தத்தானே குடுத்தேன்? இந்த டாரட் ஆப்பை யாரு போட்டது?" என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்கிறார்கள். போட்டது டாக்டர்தான். அந்த ஆப்பில் நாம் ஒரு கேள்வியை அடித்தால் ஒரு சீட்டை எடுத்துப் பலன் சொல்லும். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சீட்டுதான் இலவசம். தன் போனில் பிடிக்காத சீட்டு வந்தால் என் போன். அதுவும் சரியில்லை என்றால் மேஜையில் வரிசையாகக் கிடக்கின்றனவே, ஊரார் போன்கள்! கேட்டால், "டச் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றேன்" என்பார். பார்த்து முடித்ததும் அழித்தாலாவது தொலைகிறது. அதையும் மறந்துவிடுவார்.

வியாபாரத்துக்குப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "நல்ல சீட்டு வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருப்பீங்கன்னா அப்புறம் எதுக்குங்க சீட்டு? நல்லதா ஒண்ணை நீங்களே வரைஞ்சு சுவத்துல ஒட்டிக்கங்களேன்!" என்று கத்தியும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எனக்கோ வேறு கவலை. அவர் கழுத்தில் ஒரு கட்டி. மிளகு அளவில் இருந்தது, பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போகாத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசியால் குத்தி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் அவர் போனுக்கு வரும் என்றார்கள். தினமும் கேட்பேன். "இன்னும் வரலைம்மா" என்பார். அந்த லேப்காரர்களுக்கு நான் விடாத சாபம் இல்லை.

நேற்று மதியம் ஒரு டீச்சர் வந்து, முந்தின நாள் வாங்கிப்போன போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "பாருங்கம்மா. போனைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பாடம் எடுத்துட்டிருக்கேன், நடுவுல இது வந்து நிக்குது. 'உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்'னு பசங்க அழுவுறாங்க!"

வாங்கிப் பார்த்தேன். 'நேற்று நீங்கள் கேட்டது: கழுத்துக் கட்டி ரிசல்ட் வந்துவிட்டது, திறந்து பார்க்கலாமா? இன்றைய சீட்டு காத்திருக்கிறது.'

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆப்பை அழித்து, அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

"ரிசல்ட் எப்பங்க வந்துச்சு?"

அவர் தலை நிமிரவில்லை. "போன வாரம்."

"போன வாரமா! ஊரார் போனையெல்லாம் பிரிச்சுக் குடலை உருவுறீங்க. உங்க போன்ல ஒரு மெசேஜைத் திறக்க முடியலையா?"

"நல்ல சீட்டு வரட்டும், திறக்கலாம்னு இருந்தேன்."

"இத்தனை போன்ல ஒண்ணுலகூடவா வரலை?"

"வந்துச்சு. வந்தப்புறம், எதுக்குத் திறந்து கெடுத்துக்கணும்னு தோணிடுச்சு."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் போனைப் பிடுங்கினேன். மெசேஜ் அப்படியே இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது. நின்றதுதான், அசைய மாட்டேன் என்கிறது. லேப்காரர்களைத் திட்டும்போது இருந்த வீரம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஏங்க," என்றேன். "எதுக்கும் ஒரு சீட்டு எடுத்துப் பாத்துடுவமா?"

"இன்னிக்குள்ளது முடிஞ்சுபோச்சு," என்றார் பரிதாபமாக. "கடையில இருக்குற எல்லா போன்லயும்."

வேறு வழியில்லாமல் திறந்தேன். சாதாரணக் கட்டி, புற்று இல்லை என்று இருந்தது. இரண்டு முறை உரக்கப் படித்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவரும் அழுதார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த டீச்சர் போன்ல சூரியன் சீட்டு வந்தப்பவே நினைச்சேன். பாத்தியா, பலிச்சிடுச்சு!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சீட்டு கேட்டதும் இதே வாய்தானே. மூடிக்கொண்டு போய் ஷட்டரை ஏற்றினேன்.