பத்துக்கு ஒன்பது அறைக்கு ஒரு ப்யூரிஃபயர்

இல்லை, உங்கள் ரிவ்யூவில் நீங்கள் சொன்ன அதே வெள்ளை மெஷினைத்தான் வாங்கினேன். சி.ஏ.டி.ஆர். நூற்றைம்பது. மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்து தரும் என்கிற எண். அறை பத்துக்கு ஒன்பது, உயரமும் ஒன்பது அடி. மொத்தம் இருபத்து மூன்று கன மீட்டர் காற்று. அது மணிக்கு ஐந்து தடவை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்றால் நூற்றுப் பதினைந்து போதும். நூற்றைம்பது தாராளம். முந்நூறு, நானூறு வாங்கு என்று சொல்கிறவர்கள் எங்கள் அறையைப் பார்த்ததில்லை.

மெஷின் நன்றாகவே வேலை செய்தது. என் தங்கை இருமுவதுதான் நிற்கவில்லை.

ஃபிசாவுக்கு இருபது வயது. பி.எஸ்ஸி. கடைசி வருடம், ஏப்ரலில் பரீட்சை. ஏரவாடாவில் முதல் மாடியில் எங்கள் வீடு. சமையலும் டி.வி.யும் ஒரே கூடத்தில், உள்ளே அவளுடைய அறை. அக்டோபரில் எதிர் ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள். தீபாவளிக்கு இருமல் ஆரம்பித்தது. டிசம்பரில் ஒரு சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டு உதடு நீலமாகி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

வராண்டா நாற்காலியில் உட்கார்ந்துதான் பதினான்கு மெஷின்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே அவள் முகத்தில் மாஸ்க். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எந்த மெஷினுக்கு ஃபில்டர் என்ன விலை என்பது மட்டும் பளிச்சென்று மனதில் நின்றது. பாதிப் பேர் அதைத்தான் பார்ப்பதில்லை. மெஷின் மலிவாக இருக்கும், ஆறு மாதம் கழித்து ஃபில்டர் விலை மெஷின் விலையில் பாதி. அயனைசர் இருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருந்தவற்றை ஒதுக்கினேன், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஓசோன் ஆகாது. நீல விளக்கு எரிகிறவற்றை ஒதுக்கினேன், அவள் தூங்க வேண்டும். வெளியே வந்த டாக்டரிடம் பிராண்டைச் சொல்லிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசினார். அந்த அறையில் காற்று சுத்தமாக வேண்டும், முடியாது என்றால் கொஞ்ச நாள் வேறு ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

வேறு ஊர் என்றால் எங்களுக்குச் சொந்த ஊரான உத்தமபாளையம், ரயிலில் ஒரு நாளுக்கு மேல், அங்கே மாமி வீடு. போனால் பரீட்சை போகும், வருடம் போகும்.

“நீ அந்தப் பொட்டிய வாங்கி மாட்டு. மூணு வாரம் பாப்பேன்” என்று அம்மா சொன்னார். சொன்ன கையோடு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் போட்டுவிட்டார். “சரியாச்சுன்னா கேன்சலு. ஆகலேன்னா கெளம்பு.”

“அம்மா, பரிச்ச?” என்றாள் ஃபிசா.

“மொதல்ல ஒழுங்கா மூச்சு விடு. அப்பறம் பரிச்ச எழுதலாம்.”

நான் ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வண்டிகளுக்குப் போகும் புஷ் என்கிற வளையத்தை அளந்து, சரி, சரியில்லை என்று எழுதுவது வேலை. வீட்டிலும் அதையே செய்தேன். தூசியை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி அவள் மேஜையில் வைத்தேன். ஒரு நோட்டில் தேதி, சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டர் காட்டும் எண், அவள் அன்றைக்கு எத்தனை தடவை இன்ஹேலர் அடித்தாள் என்கிற கணக்கு. ஜன்னலுக்கு வெளியே நூற்று முப்பது காட்டிய நாளில் உள்ளே பதினாறு. பெருமையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு இல்லை. “அந்தப் பொட்டி என்னத்தடா உறிஞ்சுது? கரண்ட்டத்தான் உறிஞ்சுது.”

“நம்பரப் பாரும்மா. பதினாறு.”

“நம்பராடா இருமுது? ஒந்தங்கச்சிதான் இருமுறா.”

மூன்றாவது வாரம் கம்பெனிக்குப் போன் போட்டேன். மெஷினில் ஏதோ கோளாறு, எண் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் ஆளுக்குக் குணமில்லை என்றேன். வியாழக்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். சனிக்கிழமை ரயில்.

வியாழன் சாயங்காலம் வேலை முடித்து நான் வந்தபோது ஃபிசாவின் அறையில் அத்தா, எங்கள் அப்பா, உட்கார்ந்திருந்தார். அத்தாவுக்கு கேம்ப் என்கிற ஏரியாவில், ஒரு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அத்தர் கடை. நாலடி அகலம். வெள்ளிக்கிழமைதான் வியாபாரம். அதனால் வியாழக்கிழமை பெரிய அலுமினிய டப்பாவிலிருந்து குட்டி பாட்டில்களில் அத்தர் ஊற்றி நிரப்புவார். முன்னால் கடைக்கு மேலே ஒரு பரண் இருந்தது, அங்கேதான் நடக்கும். மழையில் பரண் ஒழுக ஆரம்பித்ததும், செப்டம்பர் கடைசியில், பதினான்கு அட்டைப்பெட்டிகளும் வீட்டுக்கு வந்துவிட்டன. கூடத்தில் அடுப்புச் சூடு அத்தருக்கு ஆகாது. ஃபிசாவின் கட்டிலுக்குக் கீழேதான் வெயில் படாத இடம்.

ஊற்றும்போது ஃபேன் ஓடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. காற்றுப் பட்டால் சரக்கு பறந்துவிடும் என்பார் அத்தா. அவர் தரையில் உட்கார்ந்து டிராப்பரால் நிரப்ப, ஃபிசா கட்டிலில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாள்.

“தாயி, மல்லிகைக்கு ஊத் அத்தர் லேபிள ஒட்டிட்ட பாரு.”

“வாங்குறவருக்குத் தெரியவா போகுது?”

“எங்கிட்ட வாங்குறவருக்குத் தெரியும். பக்கத்துக் கடையில வாங்குறவருக்குத்தான் தெரியாது.”

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலானது. நான் மீட்டரைப் பார்த்து நோட்டில், ஒன்பது, என்று எழுதினேன். இன்ஹேலர், நான்கு.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. சர்வீஸ் கம்பெனியிலிருந்து தீப்தி என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், முதுகில் டூல் பை. கூடத்தைத் தாண்டி அறை வாசலில் ஒரு கால் வைத்தாள், அப்படியே பின்னால் வந்தாள். அடுத்தடுத்து மூன்று தும்மல்.

“பாப் ரே! கோடௌன் ஹே க்யா?” கண்ணில் தண்ணீர். இது என்ன கிடங்கா என்று கேட்கிறாள்.

எனக்குப் புரியவில்லை. “கிஸ்கா?” என்றேன். எதனுடைய கிடங்கு?

அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையும் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். விளையாடுகிறோம் என்று நினைத்திருப்பாள். சத்தியமாக எங்களுக்குத் தெரியவில்லை. அத்தாவின் சட்டை, எங்கள் தலையணை, பள்ளிக்கூடப் பையெல்லாம் சின்ன வயதிலிருந்து அந்த வாசனைதான். எங்கள் நாலு பேர் மூக்குக்கும் அது காற்று மாதிரி.

அவள் மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். பின் மூடியைக் கழற்றி ஃபில்டரை உருவிக் காட்டினாள். வெள்ளை மடிப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மெஷின் ஒழுங்காக வேலை பார்க்கிறது என்றாள். பிறகு மடிப்புக்கு மேலே இருந்த கறுப்பு வலையைச் சுண்டுவிரலால் தட்டினாள். இந்தியில் அவள் சொன்னது இதுதான்: தூசியை இது பிடிக்கும், வாசனை தூசி இல்லை, அது ஆவி. அதைப் பிடிக்க கார்பன் வேண்டும். இந்த விலை மெஷினில் கார்பன் என்று பேருக்கு ஒரு வலை வைப்பார்கள், ஒரு வாரம் கூடத் தாங்காது. உங்கள் மீட்டரும் தூசியைத்தான் எண்ணும். “பையா, அத்தருக்கு இந்த மீட்டர் குருடு” என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள்.

காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போதும் தும்மிக்கொண்டே போனாள்.

நான் நோட்டைப் புரட்டினேன். மூன்று வியாழன். ஒன்பது, எட்டு, ஒன்பது. மற்ற நாட்களில் எல்லாம் பதினாலுக்கு மேல். ஜன்னல் மூடியிருப்பதால் வாரத்திலேயே தூசி குறைந்த நாள் வியாழன். இன்ஹேலர், ஐந்து, ஆறு, நான்கு. மற்ற நாட்களில் இரண்டு. இதை நான் கையால் எழுதியிருக்கிறேன். வேலையில் இப்படி ஒரு தாளை யாராவது நீட்டினால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பேன். எண் நன்றாக இருந்தால் எண்ணை நம்புவது பழக்கம். மெஷின் மேல் சந்தேகப்பட்டேன், அவள் இன்ஹேலரைச் சரியாக இழுக்கவில்லை என்றுகூடத் திட்டியிருக்கிறேன்.

அத்தா கை நீட்டி நோட்டை வாங்கினார். அவருக்குத் தமிழ் எழுத்து ஓடாது, எண் ஓடும். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். டிராப்பர் இன்னொரு கையில் இருந்தது.

“அப்ப ரோட்டுத் தூசி இல்ல” என்றார். “நாந்தான்.”

அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா போய் ஜன்னலைத் திறந்தார். எதிர் ரோட்டில் ஜேசிபி சத்தம் உள்ளே வந்தது.

“டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு குல்சும்” என்றார் அத்தா அம்மாவிடம்.

“சாமான் மொதல்ல வெளிய போகட்டும். நாளைக்கு ராத்திரி அவ எப்பிடித் தூங்குறான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

“அத்தா, கடைச் சரக்க எங்க வைப்பீங்க?” ஃபிசா கேட்டாள். கையில் லேபிள் பாதி ஒட்டியபடி இருந்தது.

“வைக்கிறதுக்கா எடமில்ல? நீ படி.”

இடம் இல்லை. நான்தான் தேடினேன். என்னோடு வேலை செய்கிற கேஷவுக்கு விஷ்ராந்த்வாடியில் தரைத்தளத்தில் ஒரு காலி அறை இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஜும்மா வியாபாரத்தை விட்டுவிட்டு அத்தாவும் வந்தார். முப்பது வருடத்தில் அவர் விட்ட முதல் வெள்ளி. டெம்போவில் பதினான்கு பெட்டி. வழியெல்லாம் அவர் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரன் மூக்கை உறிஞ்சிச் சிரித்தான். “க்யா பாத் ஹே சாச்சா, ஷாதி ஹே?” கல்யாணமா என்கிறான். அத்தாவும் சிரித்து வைத்தார்.

திரைச்சீலை, மெத்தை உறை, தலையணை உறை எல்லாவற்றையும் அம்மா இரண்டு தண்ணீர் அலசிப் போட்டார். தரையைச் சோடா போட்டுத் தேய்த்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டர் இருபத்திரண்டு காட்டியது, மூன்று வாரத்தில் அதுதான் அதிகம். இன்ஹேலர், ஒன்று. சனிக்கிழமை காலையில் எழுந்து அவள் டீ கேட்டாள், பாதி டம்ளர் வரை இருமாமல் குடித்தாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார். “கேன்சல் பண்ணு. எவ்வளவு பிடிப்பாய்ங்கன்னு பாத்துச் சொல்லு.”

நான் கேன்சல் செய்தேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. சரி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

இப்போது பிப்ரவரி முடிகிறது. ஃபிசா இங்கேதான் இருக்கிறாள், படிக்கிறாள். நோட்டில் பதினொரு நாள் சேர்ந்தாற்போல் இன்ஹேலர் பூஜ்யம். அந்த வெள்ளை மெஷின் ரோட்டுத் தூசியைப் பார்த்துக்கொள்கிறது, குறை சொல்வதற்கில்லை. சின்ன அறைக்கு அதையே வாங்குங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன்.

அத்தா விஷயம்தான் பாக்கி.

அவர் இப்போது வியாழக்கிழமை விஷ்ராந்த்வாடியில் தனியாக உட்கார்ந்து நிரப்புகிறார், லேபிளும் அவரே ஒட்டுகிறார். பெட்டி போன முதல் வாரம், கடை முடித்து வந்து ஃபிசாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. அவரே எழுந்துவிட்டார். மறுநாள் வந்ததும் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார்.

“அத்தா, குளிச்சீங்களா?”

“ரெண்டு வாட்டி சோப்புப் போட்டேன் தாயி.”

“போகலத்தா.” சொல்லும்போதே இருமினாள்.

முப்பது வருட அத்தர், தோலிலேயே இருக்கிறது போல. எங்களுக்குத் தெரியாது, மாதக்கணக்கில் பெட்டிகளுக்கு மேலே படுத்த அவள் நெஞ்சுக்குத் தெரிகிறது. அதனால் நான் அளந்து பார்த்தேன். அத்தாவை ஒவ்வொரு நாளும் ஒரு அடி தள்ளி நிற்கச் சொன்னேன். கட்டிலிலிருந்து ஏழு அடியில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழு அடி என்றால் கதவு நிலைக்கு வெளியே. கம்பெனியிலிருந்து மஞ்சள் டேப் கொண்டுவந்து தரையில் ஒட்டினேன், அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டுவோமே, அது. தினமும் வந்து அந்தக் கோட்டுக்குப் பின்னால், கால் கட்டைவிரல்கூட அதில் படாமல் நிற்கிறார். அங்கிருந்தே பேசுகிறார். ஏதாவது ஜோக் சொல்கிறார். கால் வலித்தால் ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறார்.

“என்னடா இஜாஸு, ஃபவுல் ஆயிருச்சா?” என்று காலைப் பார்த்துக் கேட்பார். நான் குனிந்து பார்த்து, இல்லத்தா, என்பேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நேற்று இன்னொரு மெஷின் பார்த்தேன். சி.ஏ.டி.ஆர். நூற்றிருபதுதான், டிஸ்ப்ளே கிடையாது, கிரைண்டர் மாதிரிச் சத்தம் என்று எழுதியிருக்கிறார்கள், விலை நம் வெள்ளை மெஷினைவிட இரண்டு மடங்கு. ஆனால் உள்ளே இரண்டு கிலோ கார்பன், வலை இல்லை, நிஜமான குருணை. அதைக் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் தரையில் வைத்து, அத்தா பக்கமிருந்து காற்றை இழுக்கிற மாதிரித் திருப்பிவிட்டால் ஏழு அடியை நாலு அடியாக்கலாம் என்று நினைக்கிறேன். நாலு அடி என்றால் ஸ்டூலை அறைக்குள்ளேயே போடலாம். படம் வரைந்து பார்த்துவிட்டேன், காற்று போகிற வழி சரியாகத்தான் இருக்கிறது. ஒருவேளை மூன்று அடிகூட வரலாம். கார்ட்டில் போட்டுவைத்திருக்கிறேன், இன்னும் பட்டனை அழுத்தவில்லை. நீங்கள்தான் இத்தனை மெஷின் பார்த்திருக்கிறீர்களே, சொல்லுங்கள், இது நடக்கும்தானே?