பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல்

பரிசோதனை முடிவு வந்தபோது பிள்ளைகள் யாருக்கும் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குத்தான் தொற்று உறுதியாகியிருந்தது.

தலைமையாசிரியை எஸ்தர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். சுட்டது.

“நேத்தே சொன்னேம்லா டீச்சர்,” என்றார் சத்துணவு சமைக்கிற பேச்சியம்மாள். “ராத்திரி பூரா ஒரே இருமல். தெருவே தூங்கல.”

சுகாதார ஆய்வாளர் சாவித் துவாரத்தில் பஞ்சுக் குச்சியை விட்டு இன்னொரு மாதிரி எடுத்தார். பள்ளிக்கூடம் தும்மியது. அவர் தலையெல்லாம் சாக்பீஸ் தூள். தட்டிவிடச் சொல்லி உத்தரவு இல்லாததால் அப்படியே நின்றார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். தேறலைன்னா பூட்டிருவோம். பிள்ளைகளை பைபாஸுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துருங்க.”

“ஒண்ணாங்கிளாஸ் பிள்ள எப்படி சார் பைபாஸைத் தாண்டும்?”

“ஓரமா தாண்டச் சொல்லுங்க.”

 எஸ்தரின் வீடு பைபாஸுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மேலிடத்திலிருந்து தினமும் சுற்றறிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. கட்டடத்துக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒன்றிலும் இல்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று எஸ்தர் சேலையை இழுத்துச் செருகினார்.

ஆண்டு விழாப் பந்தல் துணியை வாசலுக்கு முகக்கவசமாகக் கட்டினார். பேச்சியம்மாள் சத்துணவு அண்டாவில் நொச்சி இலையைக் கொதிக்கவிட்டார். கூரையோடு தார்ப்பாயைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தார்கள். கபசுரக் குடிநீரை ஜன்னல் வழியாக ஊற்றினார்கள். பள்ளிக்கூடம் முகத்தைச் சுளித்து எல்லாவற்றையும் சாக்கடைப் பக்கம் துப்பியது.

“ஒண்ணாங்கிளாஸ் ரூமுக்கு மட்டும் கொஞ்சம் தேன் கலந்து குடுங்கக்கா,” என்றார் எஸ்தர்.

பிள்ளைகள் மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்தார்கள். நோயாளி தூங்கவேண்டும் அல்லவா.

தினமும் காலையில் பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுத்த கையோடு எஸ்தர் வகுப்பறைகளையும் கூப்பிட்டார். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு முகம் எப்படி வாடும் என்று அவர் பார்த்திருக்கிறார்.

“முதல் வகுப்பு.”

பதில் வராது. ஒருமுறை ஓடு மட்டும் நடுங்கியது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் ஒரு பெரிய பூட்டோடு வந்தார்.

“அட்டெண்டன்ஸ் மட்டும் எடுத்துக்கிடுதேன் சார்,” என்றார் எஸ்தர். பதிவேட்டைத் திறந்தார். “முதல் வகுப்பு.”

துணிக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. “உள்ளேன் அம்மா.”

அடுத்த மூன்று வகுப்புகளும் போட்டி போட்டுக் கத்தின. ஐந்தாம் வகுப்பு கடைசியாக, பெரிய மனுஷத் தோரணையில் சொன்னது. பேச்சியம்மாள் அண்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆய்வாளர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். வேர்த்திருந்தது. “காய்ச்சல் விட்டிருச்சு,” என்றார். பிறகு எஸ்தரின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார். “இப்ப உங்களுக்கு வந்திருக்கு.”

“எனக்கா?”

“எடுத்துட்டு வந்த பூட்டைச் சும்மா திருப்பிக் கொண்டுபோக முடியாது டீச்சர்.”

ஆய்வாளர் எஸ்தரை உள்ளே விட்டு, அதை அவர் வீட்டு வாசலில் பூட்டினார்.

எஸ்தருக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. தெருக்காரர்கள் அந்த வாசலைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். மூச்சு வாங்கியது. இப்படியே கேட்பாரில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயந்து, வாய்விட்டு அழுதார். திங்கட்கிழமை காலையில் எழவே மனமில்லை.

விடிந்தும் அறை இருட்டாக இருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு ஆறடி தள்ளிப் பள்ளிக்கூடம் நின்றிருந்தது. பந்தல் துணியை ஒழுங்காகக் கட்டியிருந்தது. அதன் ஜன்னல்களில் எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

“பைபாஸை ஓரமாத்தான் தாண்டுச்சு டீச்சர்,” என்றார் அதற்குள்ளேயிருந்து பேச்சியம்மாள். “லாரியெல்லாம் நின்னுருச்சு.”

பள்ளிக்கூடம் தொண்டையைச் செருமியது.

“எஸ்தர்.”

அவர் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் காத்திருந்தது. மறுபடியும் கூப்பிட்டது.

உட்கார்ந்தபடி பதில் சொல்ல அவர் எந்தப் பிள்ளையையும் விட்டதில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“உள்ளேன்.”

பள்ளிக்கூடம் தலையாட்டியது. பிறகு, அதே மாதிரிப் பூட்டு தொங்கிய அடுத்த வீட்டை நோக்கி நகர்ந்தது.